சாயக்கார வீட்டுக் களை

அந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தொரு வீடுகள். முப்பத்தொன்றுக்கும் குடும்பப் பெயர் இகராஷி. தபால்காரர் ஒருவர்தான் இதைப் பற்றிப் புலம்புவார். மற்றவர்கள் வீட்டுப் பெயரை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். சக்கர வீடு, சாயக்கார வீடு, மேட்டு வீடு. சக்கர வீட்டில் தண்ணீர்ச் சக்கரம் நின்று அறுபது வருஷம் ஆகிறது. சாயக்கார வீட்டில் யாரும் துணிக்குச் சாயம் போட்டதாக உயிரோடிருப்பவர்களுக்கு நினைவில்லை.

குனிசோ இகராஷி ஆனது முப்பத்துமூன்றாவது வயதில். அதுவரை குடும்பப் பெயர் வதாரி. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் மூன்றாவது மகன். நிலம் மூத்தவனுக்கு, மளிகைக் கடை இரண்டாமவனுக்கு, மூன்றாமவனுக்கு நல்வாழ்த்துகள். நகரத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றில் தோண்டுகத்திக்குப் பிடி போடும் வேலை பார்த்தான். ஒரு நாளைக்கு நூற்றிருபது பிடி. சக்கர வீட்டில் பெண் இருக்கிறாள், ஆண்பிள்ளை இல்லை, வீட்டோடு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று பட்டறைக்காரர் சொன்னபோது, குனிசோ யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பிடியைப் போட்டு முடித்ததும் சரி என்றான்.

கொண்டு வந்தது இரண்டு பெட்டியும் ஒரு தோண்டுகத்தியும். கத்தி அவனே தேர்ந்தெடுத்தது. ஒரு சாண் நீள அலகு, தோணி மாதிரி லேசாகக் குழிந்தது. ஒரு ஓரம் கூர், மறு ஓரம் ரம்பப் பல். குத்தினால் இறங்கும், நெம்பினால் மண்ணோடு வேரை ஏந்திக்கொண்டு வரும், வராத வேரைப் பல்லால் அறுக்கலாம். பிடிக்கு நல்ல ஓக் மரம்.

மாமியார் இட்சு அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பிலிருந்து ஓர் இரும்பை எடுத்து வந்தாள். பிடியின் மேல் அழுத்தினாள். புகை வந்தது. சக்கர முத்திரை விழுந்தது.

"இந்த வீட்டுக்குள்ள வர்ற எல்லாத்துக்கும் போடறது," என்றாள்.

வாளி, கூடை, மண்வெட்டி, குடைப் பிடி, மரச்செருப்பு எல்லாவற்றிலும் சக்கரம் இருந்தது. இரும்பு இன்னும் சூடாக இருந்தது. குனிசோ தன் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டான்.

அவன் சக்கர வீட்டுக்கு இரண்டாவது மாப்பிள்ளை. முதல் ஆளை எட்டாவது மாதம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குளித்துவிட்டு வெந்நீர்த் தொட்டிக்கு மூடி போடாமல் வருவான் என்பது குற்றம். இட்சு சண்டை போடவில்லை. ஐந்து நாள் பேச்சை நிறுத்தினாள். ஆறாம் நாள் காலை அவன் பெட்டி வாசற்படியில் இருந்தது. பெட்டியின் மேல் துணியில் கட்டிய வழிச்சாப்பாடு. மரியாதையில் குறையில்லை. இதை மனைவி ஃபுசாயோ கல்யாணமான இரண்டாம் வாரம் சாதாரணமாகச் சொன்னாள், தொட்டி மூடியைப் பற்றி ஞாபகப்படுத்தும்போது. அதற்குப் பிறகு குனிசோ மூடியைப் போட்டுவிட்டுப் பாதி வழி வந்து, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்று. களையெடுப்பது.

வருஷா வருஷம் ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, செத்தவர்கள் மூன்று நாள் தங்க வீட்டுக்கு வருவார்கள். அதற்கு முன் ஏழாம் தேதி கல்லறைகளில் களையெடுத்துவிட வேண்டும். மாமனார் மசுகிச்சி, குனிசோ வருவதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்திருந்தார். ஃபுசாயோ வெந்நீர் ஊற்று விடுதியில் வேலை செய்தாள். அந்தப் பத்து நாளும் விடுதி நிரம்பி வழியும், அவளுக்கு லீவு கிடையாது. இட்சுவுக்கு முழங்கால் வலி. கல்லறைக்கு எழுபத்தெட்டுப் படி.

முதல் வருஷம் இட்சு படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு குடையால் காட்டினாள்.

"மூணாவது வரிசை. இடது பக்கம் ரெண்டாவது கல்லு."

குனிசோ மூன்றாவது வரிசைக்கு ஏறினான். மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது சரியில்லை என்று தோன்றியது. திரும்பி, அவளைப் பார்த்து நின்று, தன் இடது பக்கம் இரண்டாவது கல்லின் மேல் கை வைத்தான்.

"இதுவா அத்தை?"

கீழே குடை ஆடியது. ஆமாம் என்பது போலத்தான் ஆடியது. கல்லில் 'இகராஷி குடும்பம்' என்று வெட்டியிருந்தது. எல்லாக் கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருந்தது. பக்கவாட்டில், செத்த பிறகு கோயில் வைத்த பெயர். ஒன்பது எழுத்து. பிக்கு தவிர வேறு யாராலும் படிக்க முடியாது, பிக்குவும் கண்ணாடி போட்டால்தான்.

அன்றிலிருந்து ஐந்து வருஷம், ஆகஸ்ட் ஏழாம் தேதி காலை ஐந்து மணிக்கெல்லாம் குனிசோ அங்கே இருப்பான். பட்டறைக்குப் போகும் பஸ் ஏழரைக்கு. கல் இடுக்கில் கத்தி முனையை விட்டுப் பாசியைச் சுரண்டுவான். நாற்றப் பூண்டின் வெள்ளை வேர் நூல் மாதிரி ஓடும். அதை அறுக்காமல் முழங்கை நீளத்துக்கு உருவி எடுப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. குதிரைவால் புல்லுக்கு வேர் எங்கே முடிகிறது என்று யாரும் பார்த்ததில்லை. குனிசோ அரை முழம் வரை போயிருக்கிறான். பதின்மூன்றாம் தேதி அந்தி சாய்வதற்கு முன் லாந்தர் கொண்டுபோய், கல்லுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, வாருங்கள் என்று குனிந்து வணங்கி, அணையாமல் வீட்டுக்குக் கொண்டு வருவான். இட்சு மூன்று நாள் சமைத்துப் படைப்பாள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் இட்சு சொல்லுவாள்: "எங்க மாப்ள கை பட்டா புல்லு மறுபடி முளைக்கவே யோசிக்கும்."

"ஆமா ஆமா," என்று எல்லாரும் டீயைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள்.

ஐந்தாம் வருஷம் ஒரு குளவி வந்தது. கல் இடுக்கைக் கத்தியால் நெம்பியபோது ஏதோ உறுமியது. குனிசோ எழுபத்தெட்டுப் படியை எத்தனை தாவலில் இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கத்தி அங்கேயே குத்தி நின்றது. சாயங்காலம் போய் எடுக்கலாம் என்று பஸ் ஏறிவிட்டான். சாயங்காலம் போனபோது கத்தி இல்லை.

இராச் சாப்பாட்டில் இட்சு கேட்டாள்: "கத்தி ஆணியில இல்லியே?"

"பட்டறையில தீட்டக் குடுத்திருக்கேன் அத்தை."

ஐந்து வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் பொய். அது ஒரு நாள்தான் தாங்கியது.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்குச் சாயக்கார வீட்டுச் சவா வந்தாள். அறுபத்தாறு வயது. கணவர் குன்பெய் போய் ஏழு வருஷம். குழந்தை இல்லை. ஒரு கையில் தர்ப்பூசணி, மறு கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. வாசல் அறையில் குனிசோ எதிரில் முழங்கால் மடித்து உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். கத்தி. சக்கர முத்திரை மேலே பார்க்க இருந்தது.

பக்கத்து அறையில் இட்சு பச்சைச் சோயாக் காய்களைக் காம்பிலிருந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். நடுவில் காகிதக் கதவு. டக், டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"உங்களுதுதான, தம்பி?"

"ஆமாங்க. ரொம்ப நன்றிங்க. எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரர் கல்லறையில."

குனிசோ சிரித்தபடியே குனிந்து வணங்கினான். நிமிரும்போது சிரிப்பு இல்லை. மூன்றாவது வரிசை கண்முன் வந்தது. தான் திரும்பி நின்றதும் வந்தது. கீழிருந்து பார்ப்பவளுக்கு இடது எது என்பதை ஐந்து வருஷம் கழித்து, உட்கார்ந்த இடத்தில் கையை லேசாகத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தான்.

"கையில என்ன?" என்றாள் சவா.

"ஒண்ணுமில்லீங்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்கம்மா பேரு என்ன தம்பி?"

"ஹருனோங்க."

"எந்த ஊரு?"

"கணவாய்க்கு அந்தாண்ட."

"அங்க அரிசிச் சாராயம் வடிக்கற சாக்கே ஆலை ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குங்க. எங்க வீட்டுக்கு எதிர்லதான்."

சவா கண்ணை மூடித் திறந்தாள். "எங்க வீட்டுக்காரர் பதினொரு குளிர்காலம் அங்கதான் சாக்கே வடிக்கப் போனாரு. நவம்பர்ல போவாரு, ஏப்ரல்ல வருவாரு. நீங்க பொறந்தது எந்த மாசம்?"

"அக்டோபர்ங்க," என்றான் குனிசோ. எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

சவா விரல் விட்டு எண்ணினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "அழுவாதீங்க தம்பி. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நான் அழுவலீங்க."

"மொதல்ல எவளோ வந்து களையெடுத்துட்டுப் போறான்னுதான் நெனச்சேன். நான் பத்தாந் தேதி போனேன், களை எடுத்தாச்சு. மறு வருஷம் எட்டாந் தேதி போனேன், எடுத்தாச்சு. எப்பிடித் துடைச்சு வெச்ச மாதிரி! கட்டினவகூட அப்பிடிச் செய்ய மாட்டா. கூத்தியாதான்னு முடிவு பண்ணிட்டேன். அன்னையிலேர்ந்து அவரு படத்துக்கு முன்னால சாக்கே வெக்கறதில்ல. ஆறின பார்லித் தண்ணிதான். அப்புறம் மேட்டு வீட்டுக்காரர் சொன்னாரு, பொம்பள இல்லக்கா, சக்கர வீட்டு மாப்ளன்னு. நான் நம்பல. நேத்து இந்தக் கத்தியப் பாத்தேன்." அவள் முன்னால் சாய்ந்தாள். "காது அப்பிடியே அவருதான். பெத்தவருக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யணும்னு என்ன தலையெழுத்து உங்களுக்கு. இனிமே பகல்லயே வாங்க."

பக்கத்து அறையில் டக் டக் சத்தம் நின்றுபோயிருந்தது.

குனிசோவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தோண்டுகத்தியையும் தர்ப்பூசணியையும் வாங்கிக்கொண்டு, புதிதாக ஒரு தகப்பனையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஹருனோ என்று ஓர் எழுபது வயதுப் பெண்மணி ஒன்றும் தெரியாமல் வெங்காயம் நட்டுக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்தால், சொந்த மாமனார் கல்லையே தெரியாத மாப்பிள்ளை. தொட்டி மூடிக்கே எட்டு மாதம். இதற்கு எவ்வளவு?

நெற்றி பாயில் படக் குனிந்தான்.

"நான் உங்க வீட்டுக்காரர் மகன் இல்லீங்க. கல்லு மாறிப்போச்சு."

"என்னது?"

"எங்க மாமனார் கல்லுன்னு நெனச்சு உங்க கல்லுல களையெடுத்துட்டேன். அஞ்சு வருஷமா."

காகிதக் கதவு விலகியது. இட்சு நின்றாள். மடியிலிருந்து காய்கள் உதிர்ந்தன.

"அப்ப எங்க ஆளோட கல்லு?"

சவாதான் மெதுவாகச் சொன்னாள்.

"நாணல் நிக்குதுக்கா. கல்லுத் தலை தெரியாது. போன வருஷம் நரி குட்டி போட்டிருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"ஒருத்தர் சொல்லலியே!"

"எப்பிடிக்கா சொல்றது? உங்க வீட்டு விஷயம். நீங்க வேற கூட்டத்துல மாப்ள கையப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

இட்சு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையோ கணக்குப் போட்டாள். பிறகு குனிசோவின் பிடரியைப் பார்த்துக் கேட்டாள்.

"வருஷா வருஷம் லாந்தர் வெச்சுக் கூட்டிட்டு வந்தியே, யாரக் கூட்டிட்டு வந்த?"

குனிசோ பாயிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரத்தான்," என்றாள் சவா. அவள் குரலே மாறிவிட்டது. "அதான பாத்தேன். நானும் லாந்தர் கொண்டுபோவேன், திரும்பி வருவேன், வீட்டுல அவரு வந்த மாதிரியே இருக்காது. கூத்தியா வீட்டுக்குப் போயிட்டாருன்னு இருந்தேன். இங்கயா இருந்தாரு?"

"நான் மூணு நாள் ஆக்கிப் போட்டேன்! மிசோ விழுது தடவிக் கத்திரிக்கா சுட்டு வெச்சேன், எங்க ஆளுக்கு உசிருன்னு!"

"கத்திரிக்காயா? அய்யய்யோ, அவருக்குத் தொண்டை அரிக்குமே!"

"அரிச்சா சொல்ல வேண்டியதுதான?"

"செத்தவரு எப்பிடிக்கா சொல்லுவாரு?"

"வராம இருந்திருக்கலாம்ல? எவனாவது விளக்கக் காட்டினா, அடுத்தவங்க வீடுன்னு பாக்காம வந்து உக்காந்துர்றதா?"

"அவரச் சொல்லாதீங்க. இத்தனை சுத்தமா களையெடுத்து, கும்பிட்டுக் கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்ற மனுஷன் இல்ல அவரு. மரியாதைக்கு வந்திருப்பாரு. மரியாதைக்கே தின்னிருப்பாரு."

"நான் அவருகிட்ட எல்லாம் பேசினேன்டி," என்றாள் இட்சு. முகம் சிவந்துவிட்டது. "மூணு நாளும் பக்கத்துல உக்காந்து. புருஷன்னு நெனச்சு."

"என்ன பேசினீங்க?"

"அது உனக்கெதுக்கு?"

சவா எழுந்தாள். குனிசோவைப் பார்த்தாள், குறிப்பாகக் காதைப் பார்த்தாள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பார்த்தாள். தர்ப்பூசணியை வைத்துவிட்டுப் போனாள். மகனுக்கு என்று கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகவும் மனமில்லை போலும்.

அவள் போனதும் குனிசோ மாமியார் பக்கம் திரும்பி மறுபடி குனிந்தான். "அத்தை."

இட்சு உதிர்ந்த காய்களைப் பொறுக்கினாள். பேசவில்லை.

அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஃபுசாயோ விடுதியிலிருந்து வந்து விஷயம் கேட்டு, முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"எத்தனாவது நாளு?" என்று குனிசோவிடம் கிசுகிசுத்தாள்.

"ரெண்டு."

"நான் பேசிப் பாக்கறேன்."

"அந்த மொத ஆளுக்கும் பேசிப் பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் ஃபுசாயோ. எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

குனிசோ பட்டறையில் நான்கு நாள் லீவு கேட்டான். காரணம் என்ன என்றார் பட்டறைக்காரர். களை என்றான். பட்டறைக்காரர் புரிந்தது போலத் தலையாட்டினார்.

நாணல் ஆள் உயரம். அரிவாள் கொண்டு மேலே வெட்டினான். வேரைக் கத்திதான் பார்க்க வேண்டும். நாணல் வேர் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துப் பாய் மாதிரி கிடந்தது. கத்தியைக் குத்தி, காலால் மிதித்து, நெம்பி, பல்லால் அறுத்து, கையால் பிடுங்கினான். கல் சாய்ந்திருந்தது. நாணல் தூக்கிவிட்டிருந்தது. மண்ணைத் தோண்டி, கூழாங்கல் போட்டு இறுக்கி நிமிர்த்தினான். மூன்றாம் நாள் கை கொப்புளித்தது. ஆயிரக்கணக்கான பிடி போட்ட கைக்கு ஒரு பிடி கொப்புளம் தரும் என்று அவன் நினைத்ததில்லை. ஊரார் அந்தப் பக்கம் வரும்போது, "வெயில் ஜாஸ்திதான்," என்று வானத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் குன்பெய்யின் கல் துடைத்தாற்போல் நின்றது. அதன் பக்கம் திரும்பாமல் வேலை செய்தான்.

நான்காம் நாள், பன்னிரண்டாம் தேதி, படியில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. இட்சு ஏறி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று வந்தாள். குனிசோ ஓடிப்போய் முதுகைக் காட்டிக் குனிந்தான், தூக்கிக்கொள்ள. அவள் தடியால் அவனை ஓரம் தள்ளிவிட்டு ஏறினாள்.

கல்லுக்கு முன்னால் நின்றாள். ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் பொடித்தாள். வேர் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்களாவது ஒரு கனவுல வந்து சொல்லியிருக்கலாம்ல? உசிரோட இருக்கும்போதும் இப்பிடித்தான். கேட்டாத்தான் வாயத் தொறப்பீங்க."

குனிசோவிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். ஐந்தாம் நாள்.

பதின்மூன்றாம் தேதி காலை குனிசோ முழித்ததும் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஃபுசாயோ நேரத்தோடு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். பிறகு எழுந்து, படுக்கையை ஒழுங்காக மடித்து வைத்து, குளியல் தொட்டி மூடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனான்.

வாசற்படியில் பெட்டி இல்லை. இரண்டு லாந்தர் இருந்தன.

இட்சு பின்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணு அந்த மனுஷனுக்கு," என்றாள். "மொதல்ல அவரக் கொண்டுபோய் அவ வீட்டுல விடு. நாலு வருஷம் உன் விளக்குப் பின்னால வந்து பழகினவரு, அவ போய் நின்னா வரமாட்டாரு. அவரு இங்க வந்துட்டா எங்க ஆளு வாசல்லயே நின்னுருவாரு, கூச்சக்காரரு. அவர விட்டுட்டு அப்புறம் நம்மாளக் கூட்டிட்டு வா."

"சரிங்க அத்தை." லாந்தர்களைக் கையில் எடுத்தான். "நான்... இருக்கலாமா அத்தை?"

"உன்ன அனுப்பிட்டா, அடுத்து வர்றவனுக்கு மறுபடி கல்லு காட்டணும். எழுபத்தெட்டுப் படி. என்னால முடியாது. நேத்து ஏறினதுக்கே கால் வீங்கிப்போச்சு." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "கைக்கு மருந்து போடு. கொப்புளத்தோட லாந்தரப் பிடிச்சா ஆடும், அணைஞ்சா மறுபடி ஏறணும்."

அந்தி சாய்வதற்கு முன் குனிசோ படியேறினான். படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஊரார் தங்கள் கற்களுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவில்லை. அதாவது, பார்த்தார்கள். குனிசோ குன்பெய்யின் கல்லுக்கு முன்னால் போய் நின்றதும் மேட்டு வீட்டுக்காரரின் தீக்குச்சி விரலைச் சுட்டது.

குனிசோ குனிந்து வணங்கினான். "மன்னிச்சுக்கங்க. இன்னைக்கு உங்க வீட்டுக்குப் போறோம்," என்று மெதுவாகச் சொன்னான். மெழுகுவத்தியை ஏற்றி லாந்தரில் வைத்தான். வழக்கமாகத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேரே நடந்தபோது, சுடர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காற்றுத்தான். இருந்தாலும் நின்று, அது நிமிரும் வரை காத்திருந்து, பிறகு நடந்தான்.

சாயக்கார வீட்டு வாசலில், வருகிறவருக்கு வழி காட்டச் சணல் குச்சி எரிந்துகொண்டிருந்தது. சவா நல்ல கிமோனோ உடுத்தி நின்றாள். உள்ளே படத்துக்கு முன்னால் பெரிய சாக்கேப் புட்டி, மூடி திறந்தபடி. அவள் லாந்தரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தலை குனிந்து வரவேற்றாள். நிமிரும்போது உதடு இறுகியிருந்தது. சுடரையே பார்த்தாள்.

"நீங்க கிளம்புங்க தம்பி," என்றாள், அவன் பக்கம் திரும்பாமல். "எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சு இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. குனிசோ வேலியில் மாட்டியிருந்த இரண்டாவது லாந்தரை எடுத்துக்கொண்டான். உள்ளே அவள் பேச ஆரம்பித்துவிட்டது கேட்டது. நடுவில் இடைவெளி விட்டுவிட்டுப் பேசினாள், அவர் பதில் சொல்வதற்காக. மேலே இன்னொருவர் காத்திருந்தார். குனிசோ வேகமாக நடந்தான்.